கணிப்பொறிக்கு உணவூட்டும் பெட்டி

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

கல்யாண வீட்டுப் பந்தியில் அமர்ந்தவர்கள் பாயசத்தைப் புகழ்வார்கள்; வற்றல் குழம்பைப் புகழ்வார்கள். கொல்லைப்புறத்தில் எரியும் கோட்டை அடுப்பை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் அந்த அடுப்பு சரியில்லை என்றால் பந்தியே இல்லை! கணிப்பொறிக்குள்ளும் அப்படி ஓர் அடுப்பு இருக்கிறது. அதன் பெயர் ‘பவர் சப்ளை’.

திரைப்படத் தொகுப்பு, அனிமேஷன், கட்டட வரைபடம் போன்ற கடினமான வேலைகளுக்காக, பாகங்களைத் தனித்தனியே வாங்கிக் கணிப்பொறியைத் தாங்களே பூட்டிக்கொள்பவர்கள் இன்று பலர். பிராஸஸரைப் பற்றியும் கிராஃபிக்ஸ் கார்டைப் பற்றியும் வாரக்கணக்கில் விவாதிப்பார்கள். பவர் சப்ளையை மட்டும் மிச்சமுள்ள பணத்தில் வாங்குவார்கள். அது கணிப்பொறியின் வேகத்தைச் சிறிதும் கூட்டாது என்பதே காரணம். ஆனால் அது கெட்டால், தான் மட்டும் கெடாமல் மற்ற பாகங்களையும் உடன் அழைத்துச் செல்லக்கூடும். ஆகவே அதைத் தேர்ந்தெடுக்கும் முறையை இங்கே காண்போம்.

அதன் வேலை என்ன? நம் வீட்டுச் சுவரிலிருந்து வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். கணிப்பொறிக்கு வேண்டியதோ 12, 5, 3.3 வோல்ட் அளவுள்ள நேர்திசை மின்சாரம். ஒன்றை மற்றொன்றாக மாற்றி, ஏற்ற இறக்கமின்றி வழங்குவதே பவர் சப்ளையின் கடமை. இன்டெல் நிறுவனம் 1995-இல் வகுத்த ‘ஏ.டி.எக்ஸ்.’ என்னும் முறையே இன்றளவும் இதற்கு அடிப்படை. அதன்படி 12 வோல்ட் என்பது 12.6-ஐத் தாண்டக் கூடாது.

எத்தனை வாட் தேவை? கல்லூரியில் அனிமேஷன் படிக்கும் என் அண்ணனுக்காக, அம்மாவின் சீட்டுப் பணத்தில் கணிப்பொறி வாங்க எங்கள் வீட்டில் முடிவாயிற்று. நாங்கள் போட்ட கணக்கு இதுதான். ஏ.எம்.டி. ரைசன் 9 7900எக்ஸ் பிராஸஸர் அதிகபட்சமாக 230 வாட் இழுக்கும். என்விடியா ஆர்.டி.எக்ஸ். 4070 சூப்பர் கார்டுக்கு 220 வாட். மதர்போர்டு, நினைவகம், விசிறிகள் முதலியவற்றுக்கு 100 வாட் என்று வைத்தோம். ஆக மொத்தம் 550. கிராஃபிக்ஸ் கார்டு கண்ணிமைக்கும் நேரத்திற்குத் தன் அளவை மீறி மின்சாரத்தை இழுக்கும் குணமுடையது. ஆகையால் சற்று இடம் விட்டு 750 வாட் என்று தீர்மானித்தோம்.

கடைக்காரர் ஒருவர், பாதி விலையில் ஒரு பெட்டியைக் காட்டி, “இதுவும் 750தான். உள்ளே போய்விட்டால் யார் பார்க்கப் போகிறார்கள்?” என்றார். அண்ணன் பெட்டியின் பக்கவாட்டில் இருந்த அட்டவணையைப் படித்தான். 12 வோல்ட் வரிசையில் 30 ஆம்பியர் என்று இருந்தது. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும் என்பதை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம் அல்லவா? 12-ஐ 30-ஆல் பெருக்கினால் 360 வாட்தான்! இக்காலக் கணிப்பொறியில் பெரும்பகுதி மின்சாரம் செல்வது 12 வோல்ட் வழியாகத்தான். நல்ல 750 வாட் பெட்டியில் அந்த வரிசையில் ஏறக்குறைய 62 ஆம்பியர் இருக்க வேண்டும். எனவே அட்டைப்பெட்டியின் பெரிய எழுத்தை நம்பாமல், பக்கவாட்டின் சிறிய எழுத்தைப் படியுங்கள்.

அடுத்தது ‘80 பிளஸ்’ முத்திரை. 2004-இல் தொடங்கிய இத்திட்டத்தில் பிரான்ஸ், சில்வர், கோல்டு, பிளாட்டினம், டைட்டானியம் எனப் படிகள் உண்டு. 115 வோல்ட் சோதனையில் பாதிச் சுமையின்போது, கோல்டு பெட்டி தான் வாங்கும் மின்சாரத்தில் 90 சதவீதத்தையாவது பயன்படும்படி தர வேண்டும். எஞ்சியது வெப்பமாக வீணாகும். இம்முத்திரை சிக்கனத்திற்குச் சான்றே தவிர, பாதுகாப்பிற்குச் சான்றன்று.

இதற்கு ஓர் உதாரணம் உண்டு. கிகாபைட் நிறுவனத்தின் 750, 850 வாட் பெட்டிகள் இரண்டு கோல்டு முத்திரை பெற்றவை. சோதனையாளர்கள் மிகைச்சுமை ஏற்றியபோது அவை வெடித்தன என்று செய்தி பரவியது. 2021 ஆகஸ்டில் அந்நிறுவனம், மிகைச்சுமையில் மின்சாரத்தைத் துண்டிக்கும் எல்லையை 120–150 சதவீதத்திலிருந்து 110–120 சதவீதமாகக் குறைத்தது. பழைய பெட்டிகளை மாற்றித் தரவும் முன்வந்தது. ஆகவே மிகைச்சுமை, மிகை வோல்ட், குறுக்குச் சுற்று, மிகை வெப்பம் ஆகிய நான்கிலிருந்தும் காக்கும் ஏற்பாடு உள்ளதா என்று பாருங்கள். பெட்டியைத் திறந்து சுமையேற்றிச் சோதித்தவர்களின் அறிக்கையையும் படியுங்கள். ஏழு, பத்து ஆண்டுகள் உத்தரவாதம் தரும் பெட்டிகளும் கிடைக்கின்றன.

வாங்கிய பின்னும் கவனம் வேண்டும். 2022-இல் வெளிவந்த ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டு சிலவற்றில், புதிய 16 ஊசி இணைப்பு உருகியது. அதை முழுவதும் அழுத்திச் செருகாதது ஒரு காரணம் என்று என்விடியா கூறியது. எனவே இடைவெளி தெரியாத வரை அழுத்திச் செருக வேண்டும். ஒரு பெட்டியின் கம்பிகளை வேறொரு பெட்டியில் மாட்டவே கூடாது. முனை பொருந்தினாலும் உள்ளே மின்சாரம் வரும் வரிசை மாறியிருக்கலாம்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். கணிப்பொறியை எர்த் இணைப்புள்ள மூன்று ஊசிப் பிளக்கில் மட்டுமே பொருத்துங்கள். பழுதான பவர் சப்ளையை வீட்டில் யாரும் திறக்க விடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதனுள் உள்ள மின்தேக்கியில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கக்கூடும், உயிருக்கே ஆபத்து.

எங்கள் வீட்டுக் கணக்கில் நல்ல பெட்டிக்கும் மலிவான பெட்டிக்கும் இருந்த வித்தியாசம் சில ஆயிரம் ரூபாய். அதன் பின்னால் இருந்ததோ பல மாதச் சீட்டுப் பணமும் அண்ணனின் படிப்பும். பட்டியலைக் குறைக்க வேண்டுமானால் வண்ண விளக்குகளைக் குறைக்கலாம். பளபளக்கும் கண்ணாடிக் கூட்டைக் குறைக்கலாம். தோழியரே, எல்லாவற்றையும் தாங்கும் பொருளில் மட்டும் கை வைக்காதீர்கள்!