கட்டிப்போட்டால் குட்டிபோடும்

சுவரில் ஓர் ஆணியடித்து, அதில் நூலைக் கட்டி, ரணகள்ளியின் இலை ஒன்றைத் தொங்கவிட்டு, மண்ணும் நீரும் இல்லாமல் அது என்ன செய்யப்போகிறதென்று தினந்தோறும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைப் பிராயம் நம்மில் பலருக்கும் உண்டு. சில தினங்களில் இலை விளிம்பின் பள்ளங்களிலிருந்து நூலிழை போன்ற வேர்களும், கடுகளவான இரண்டிரண்டு இலைகளும் எட்டிப்பார்க்கும். 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்று நம் ஜனங்கள் அதற்கு இட்ட பெயரைக் காட்டிலும் பொருத்தமான பெயர் இல்லை. தாவர சாஸ்திரிகள் கிரேக்கத்திலிருந்து எடுத்துச் சூட்டிய 'பிரையோஃபில்லம்' என்பதற்கும் 'முளைக்கும் இலை' என்றே அர்த்தம். மடகாஸ்கர் தீவுக்குச் சொந்தமான இச்செடியின்மீது ஜெர்மானிய மகாகவி கெதேக்கு இருந்த பிரியம் அலாதியானது. தம் கையால் வளர்த்து, நண்பர்களுக்கு அனுப்பி வைத்து அவர் மகிழ்ந்ததால், அவருடைய நாட்டில் அவர் பெயராலேயே இன்றும் அது வழங்குகிறது.

ரணகள்ளியின் இலைப் பள்ளங்களில் குட்டிகளுக்கான கரு முன்னதாகவே அமைந்திருக்கிறது. தாயோடு இலை ஒட்டியிருக்கும் வரையில் உறங்கிக் கிடந்து, பிரிந்ததும் விழித்துக்கொள்கிறது. ஆனால் அப்படிக் கரு எதுவுமே இல்லாத இலையிலிருந்தும் செடி பிறக்கும் என்பதுதான் எனக்கு இதைவிடப் பெரிய ஆச்சரியம்.

கிழக்கு ஆப்பிரிக்காவின் உசம்பாரா மலையில், பாறை இடுக்குகளின் நிழலில் வளர்ந்திருந்த ஊதாப் பூச்செடி ஒன்றை, அங்கே ஜெர்மானிய அதிகாரியாக இருந்த வால்டர் வான் செயின்ட் பால் 1892-ஆம் ஆண்டு வாக்கில் தம் தந்தைக்கு அனுப்பினார். ஆப்பிரிக்கன் வயலட் என்று இன்று உலகமெங்கும் ஜன்னலோரங்களை அலங்கரிப்பது அதன் சந்ததியே. அதை இலையிலிருந்து வளர்க்க, முற்றலும் கொழுந்தும் அல்லாத நடுப்பிராயத்து இலையாகத் தேர்ந்து, ஓர் அங்குலத்திற்குச் சற்று அதிகமான காம்போடு சாய்வாக நறுக்கி, மணலும் தென்னைநார்க் கழிவும் கலந்த ஈரக் கலவையில் செருகி, மேலே ஒரு கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்து வைக்கவேண்டும். வேரில்லாத இலைக்கு நீரை உறிஞ்சும் சக்தி மிகக் குறைவு. இருக்கிற ஈரத்தையும் வெயில் பறித்துவிடாதிருக்கவே நிழலும் குவளையும். நீரைச் சொரிந்தாலோ காம்பு அழுகிப்போகும். இலையிலிருந்து காம்பின் அடியை நோக்கி இறங்கும் ஆக்ஸின் என்னும் திரவியம் வெட்டுவாயில் தேங்கி, மூன்று நான்கு வாரங்களில் வேரைத் தூண்டுகிறது. குட்டிக்கு மேலும் சில வாரங்கள் காத்திருக்கவேண்டும். வெட்டுவாயருகே வளர்ச்சி முடிந்து ஓய்ந்துவிட்ட தோலணுக்கள் மீண்டும் பிரியத் தொடங்கி, வேரும் கொழுந்துமாக ஒரு முழுச் செடியை முதலிலிருந்து கட்டுகின்றன. நட்ட இலை தானே செடியாவதில்லை. அது குட்டிகளுக்குப் பாலூட்டும் தாயாகவே நிற்கிறது. பொறுமையிழந்து மண்ணைக் கிளறிப் பார்ப்பதைப்போல் அதற்கு இழைக்கும் அபகாரம் வேறில்லை.

மருள் இனத்ததான ஸ்நேக் பிளான்டின் நீண்ட இலையை மூன்றங்குலத் துண்டுகளாக நறுக்கினால் ஒவ்வொன்றும் வேர்விடும். எனினும் வேர்ப்பக்கம் இருந்த முனையே மண்ணுக்குள் செல்லவேண்டும். மஞ்சள் கரையிட்ட ரகத்தை இவ்வாறு பெருக்கினாலோ கரையற்ற பச்சைக் குட்டிகளே கிடைக்கும். வெவ்வேறு சுபாவமுள்ள அணுக்கள் இரண்டு அடுக்காகச் சேர்ந்தே அக்கரை உண்டாகிறது. அந்தச் சேர்க்கை குட்டிக்கு வந்து சேர்வதில்லை. கரை வேண்டுவோர் கிழங்கோடு பிரித்து நடவேண்டும்.

இனி, நம் வீடுகளில் பாட்டில் நீரில் நிற்கும் மணிபிளான்ட். அதன் தனியிலையைக் காம்போடு கிள்ளிப் போட்டவர்கள், வெள்ளை வேர் விட்டு மாதக்கணக்கில் பசுமை மாறாதிருந்தும் ஒரு துளிர்கூட வரவில்லையே என்று வருந்துவதைக் கேட்டிருக்கிறேன். வேரை உண்டாக்க அவ்விலைக்கு இயலும். கொழுந்தை உண்டாக்க இயலாது. கொழுந்துக்குரிய மொட்டு இருப்பது கொடியின் கணுவில். ஆகவே இலையோடு ஒரு கணுவும் சேர்ந்துவரும்படி, அதற்கு அரை அங்குலம் கீழே நறுக்கி நீரில் இடுங்கள்.