கறுப்பு இறங்கினால்தான் பொன்னிறம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பார்லர் வைத்திருக்கிறேன். முடிக்குப் பொன்னிறம் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். சிதம்பரம் அண்ணாமலை நகர் விடுதிகளிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்களும் உண்டு. செல்போனில் கொரியப் பாடகர் யாராவது ஒருவரின் படம் இருக்கும். “எவ்வளவு ஆகும்க்கா? எவ்வளவு நேரம் ஆகும்?” என்று ஆரம்பிப்பார்கள். நான் பதிலுக்குக் கேட்பது, “தலையில இதுவரைக்கும் என்னென்ன போட்டிருக்க?”

பொன்னிறம் என்பது கறுப்புக்கு மேல் பூசுகிற சாயம் இல்லை. முடிக்குள் இருக்கும் மெலனின் என்ற நிறமியைச் சிதைத்து வெளியேற்றியபின் மிஞ்சும் வெளிர் மஞ்சள்தான் அதற்கு அடிப்படை. ப்ளீச் பொடியில் பெர்சல்பேட் உப்புகள், அதோடு கலக்கும் டெவலப்பரில் ஹைட்ரஜன் பெராக்சைடு. டெவலப்பர் பாட்டிலில் 20 வால்யூம் என்றால் 6 சதவீதம், 40 என்றால் 12 சதவீதம். சீக்கிரம் வெளுக்கட்டும் என்று நாற்பதைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். முதல் தடவைக்கு இருபதைத் தாண்ட மாட்டேன். எங்கள் தொழிலில் முடியின் நிறத்தை 1 முதல் 10 வரை லெவல் சொல்வோம். நம் ஊர் முடி ஒன்றோ இரண்டோ. படத்தில் இருப்பது ஒன்பது, பத்து. ஒரே நாளில் அவ்வளவு தூரம் இழுத்தால் முடி நனைந்ததும் ரப்பராக நீண்டு அறுந்துவிடும். சில வாரம் இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவையாகத்தான் செய்ய வேண்டும்.

ஆனித் திருமஞ்சனம் முடிந்த வாரம் ஒரு பெண் வந்தாள். “மருதாணியெல்லாம் வச்சதில்லக்கா. ஆயாவுக்கு வாங்குற கறுப்பு மெஹந்தி பாக்கெட்ல மிச்சம் இருந்தா போட்டுக்குவேன், அவ்ளோதான்.” அந்த ‘அவ்ளோதான்’தான் வில்லங்கம். பிடரியில், மேல்முடி மறைக்கும் இடத்தில் மெல்லிய கற்றை ஒன்றை வெட்டி, நூலால் கட்டி, பிளாஸ்டிக் கிண்ணத்தில் ப்ளீச் கலவையில் வைத்தேன். இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். புதிதாய் வளர்ந்த பகுதி செங்கல் சிவப்பாகி, செம்பாகி, கடைசியில் ஊறின பாசிப்பருப்பு நிறத்துக்கு வந்தது. மெஹந்தி ஏறின பகுதி சிவப்போடு நின்றுவிட்டது. நடுவில் அளந்து கோடு போட்டாற்போல ஒரு பிரிவு.

பாக்கெட்டில் கறுப்பு மெஹந்தி என்று விற்பவற்றில் பெரும்பாலும் பிபிடி என்ற ரசாயனச் சாயம் இருக்கும். ப்ளீச்சுக்கு அது லேசில் விட்டுக்கொடுக்காது. சில பொடிகளில் உலோக உப்புகள் இருக்கும். அவை பெராக்சைடோடு சேர்ந்தால் கிண்ணம் சுடும், புகைகூட வரும். தலையில் அது நடக்கக் கூடாது என்றுதான் கிண்ணத்தில் பார்ப்பது. சுத்தமான மருதாணி புகையாது, ஆனால் அதன் ஆரஞ்சு எளிதில் போகாது. அவுரி போட்ட முடி பச்சை அடிக்கலாம். சாயத்துக்கு 48 மணி நேரம் முன்னால் காதுக்குப் பின்னால் துளி தடவி ஒவ்வாமை பார்ப்பதையும் விடக் கூடாது. ஆஸ்துமா இருந்தால் சொல்லிவிட வேண்டும். பெர்சல்பேட் தூள் இழுப்பைக் கிளப்பிவிடும்.

ஆயா சம்மதித்தார்களா என்று கேட்டேன். “நடராஜருக்கே செஞ்சடைதானேன்னு கேட்டேங்க்கா, வாயை மூடிட்டாங்க.” கறுப்பாக இருப்பவர்களுக்குப் பொன்முடி எடுக்காது என்று சொல்கிறவர்களிடம் நான் சாலமன் தீவுகளைச் சொல்வேன். அங்கே நம்மைவிடக் கறுத்த தோல்காரர்களில் சிலருக்குப் பிறவியிலேயே பொன்முடி. அதற்குக் காரணமான மரபணுவை 2012-இல் கண்டுபிடித்தார்கள். அவ்வளவு தூரம் வேண்டாமென்றால் இலங்கை கிரிக்கெட் வீரர் மலிங்கா இருக்கிறார். 2019 ஐபிஎல் இறுதியில் கடைசிப் பந்தில் சென்னையைக் கவிழ்த்த அந்தப் பொன்னிறச் சுருட்டைத் தலையை யாரால் மறக்க முடியும்?

ப்ளீச் போடும் நாளுக்கு முன் ஒன்றிரண்டு நாள் தலை அலசாமல் வர வேண்டும். தலையில் ஊறும் எண்ணெய்ப் பசை தோலைக் காக்கும். நுனியிலும் நடுவிலும் முதலில் தடவி, வேரை ஒதுக்கிவைப்பேன். தலைச்சூட்டில் வேர்ப்பக்கம் வேகமாக வெளுக்கும். வெளுத்தபின் நிற்கும் மஞ்சளை ஊதா டோனர் அடக்கும், ஆரஞ்சு என்றால் நீலம். டோனர் நாலைந்து வாரத்தில் கழுவிப் போய்விடும். பிறகு வாரம் ஒருமுறை ஊதா ஷாம்பு.

வீட்டுக்குப் போனபின்தான் பாடே. எங்கள் பக்கத்து போர்த் தண்ணீர் பல தெருக்களில் உப்பு. அந்த உப்பும் இரும்பும் வெளுத்த முடியில் படிந்து நிறத்தை மங்கவைக்கும். கடைசி அலசலுக்காவது கேன் தண்ணீர் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். சில்வர் பீச்சில் இறங்குமுன் நல்ல தண்ணீரில் தலையை நனைத்துவிட்டால் உப்புநீரை முடி அவ்வளவாகக் குடிக்காது. சீயக்காய், மஞ்சள் இரண்டுமே கறையாக ஏறும். நலங்கு வைக்கும் வீட்டில் தலையில் துண்டைக் கட்டிக்கொள்வது உத்தமம். தேங்காய் எண்ணெயை மட்டும் விட வேண்டாம். அது முடிக்குள் இறங்கி, அலசும்போது புரதம் போவதைக் குறைக்கிறது என்று இந்திய ஆய்வாளர்கள் 2003-இலேயே எழுதியிருக்கிறார்கள். குளிப்பதற்கு முன் தடவினால் போதும்.

முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுமேல் வளரும். இரண்டாம் மாதம் வகிட்டில் கறுப்புப் பட்டை தெரியும். அப்போது புது வேருக்கு மட்டும் ப்ளீச். பழைய பகுதியை மறுபடி தொட்டால் ஒடியும். இந்தச் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு மெஹந்தி ஏறின நீளத்தை வெட்டிவிட்டு, காதுக்குக் கீழ் உள்ளடுக்கில் மட்டும் பொன்னிறம் போட்டோம். முடியை அவிழ்த்தால் தெரியாது, தூக்கிக் கட்டினால் தெரியும். “கேம்பஸ் இன்டர்வியூ வந்தா மறுபடி கறுப்பாக்கிடலாமாக்கா?” என்றாள். ஆக்கலாம். ஆனால் வெளுத்த முடியில் நேரே பழுப்போ கறுப்போ போட்டால் பாசி பிடித்ததுபோல் பச்சை தட்டும். முதலில் செம்பு நிறம் ஏற்றி, அதன்மேல்தான் கறுப்பு. அதுவும் சில வாரத்தில் வெளிறும். இன்டர்வியூவுக்கு முந்தின சாயங்காலம் வந்து நிற்காமல், ஒரு வாரம் முன்னாலேயே வரச் சொல்லியிருக்கிறேன்.