மசித்த கிழங்கும் குண்டு மிளகாயும்

கடல் தாண்டிய படிப்பு – 9

1963-ல் அப்துல் கலாம் ஆறு மாதப் பயிற்சிக்கு நாசாவுக்குக் கிளம்பினார். ராமேஸ்வரத்தில் தகப்பனார் ஜைனுலாப்தீன் அவரைப் பள்ளிவாசலுக்கு அழைத்துப் போய்ச் சிறப்புத் தொழுகைக்கு ஏற்பாடு செய்தார். உறவினர்களான ஜலாலுதீனும் சம்சுதீனும் பம்பாய் விமான நிலையம்வரை வந்து வழியனுப்பினார்கள். நாசாவின் லாங்லி, கோடார்ட் மையங்கள், பிறகு வர்ஜீனியா மாநிலக் கடலோரத்தில் வாலப்ஸ் தீவு. அங்கே வரவேற்புக் கூடத்தில் திப்பு சுல்தானின் ராக்கெட் படை ஓவியத்தைக் கலாம் கண்ட கதையை நம் மாவட்டத்துப் பள்ளி மேடைகளில் கேட்டுக் கேட்டுப் பிள்ளைகளுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. அந்தத் தீவில் அவர் என்ன சாப்பிட்டார் என்று மட்டும் எந்த மேடையிலும் சொல்லி நான் கேட்டதில்லை.

அதைச் சொன்னவர் உடன் பயிற்சி பெற்ற ஆர்.ஆராவமுதன். இருவருமே சைவம். மசித்த உருளைக்கிழங்கு, அவித்த பீன்ஸ், பட்டாணி, ரொட்டி, பால். இதை வைத்தே வாலப்ஸில் நாளை ஓட்டியதாகத் தன் இஸ்ரோ நினைவுகளில் எழுதியிருக்கிறார். அந்த ஆண்டு நவம்பர் 21-ம் தேதி தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏறியது. அதற்குப் பின்னால் இந்தக் கிழங்கும் இருக்கிறது. வெளியூர்ப் படிப்பு என்றால் ஓவியம் பார்த்த நாள் ஒன்றுதான். கிழங்கு தின்ற நாட்கள்தான் மிச்சமெல்லாம்.

அப்படிப்பட்ட நாட்களைக் கேட்கத்தான் இந்த வாரம் நயினார்கோவிலுக்கு வருகிறேன். பரமக்குடியிலிருந்து போகும் சாலையில் பருவத்தில் களமெல்லாம் சிவப்பாகக் குண்டு மிளகாய் காயும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் குண்டு மிளகாய். நாகநாத சுவாமி கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீடு. மானாவாரி விவசாயம். மகள் பொறியியல் முடித்துவிட்டு ஜெர்மனியில் மாக்டபுர்க் நகரில் முதுகலை படிக்கிறாள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.

பணக் கணக்கு முதலில். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. செமஸ்டருக்கு ஒரு சேவைக் கட்டணம் உண்டு. ஆனால் விசாவுக்கு முன்பே 11,904 யூரோவை 'பிளாக்டு அக்கவுண்ட்' என்ற கணக்கில் கட்ட வேண்டும். நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல். போன பிறகு அதிலிருந்து மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும். வாடகையும் மருத்துவக் காப்பீடும் போக மீதியில் சாப்பாடு. வங்கிக்கு ஈடு காட்ட இந்தக் குடும்பத்திடம் இருந்தது வானம் பார்த்த நிலம். விவசாய நிலத்தை ஈடாக ஏற்க வங்கிகள் எளிதில் இறங்கி வருவதில்லை. கடைசியில் உறவுக்காரர் ஒருவர் தன் வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்தார்.

குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் தொடங்கும். இங்கே மழைக்கு மிளகாய் போட்டிருந்த நேரம் அவள் கிளம்பினாள். பெட்டியில் மிளகாய்ப் பொடியும் நெத்திலிக் கருவாடும். நெய்யும் பால்கோவாவும் எடுத்து வைத்ததை யாரோ சொல்லிக் கடைசி நேரத்தில் வெளியே எடுத்தார்கள். நம் நாட்டிலிருந்து இறைச்சியோ பால் பொருளோ ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக முடியாது. மீனுக்குத் தடையில்லை, அதனால் கருவாடு தப்பித்தது.

விடுதியில் ஒரு மாடிக்கு ஒரே சமையலறை. குளிர்சாதனப் பெட்டியில் ஆளுக்கு ஒரு தட்டு. முதல் வாரம் கடுகோடு நாலு குண்டு மிளகாயைக் கிள்ளிப் போட்டுத் தாளித்திருக்கிறாள். கூரையிலிருந்த புகை எச்சரிக்கைக் கருவி அலறி, மாடி முழுக்கக் குளிரில் வாசலில் வந்து நின்றிருக்கிறது. இருமிக்கொண்டே வந்த ஒரு சீனத்துப் பையன்தான், "ஜன்னலை முதலில் திற, அப்புறம் அடுப்பைப் பற்றவை" என்று சொல்லிக் கொடுத்தானாம். அதன்பிறகு அம்மா எல்லாவற்றையும் இங்கேயே வறுத்துத் திரித்துப் பொடியாக அனுப்பத் தொடங்கினார்.

படிப்பில்தான் பெரிய அதிர்ச்சி. வருகைப் பதிவு பெரும்பாலான வகுப்புகளில் கிடையாது. இன்டர்னல் மார்க் கிடையாது, ஹெச்.ஓ.டி. கூப்பிட்டுத் திட்டுவதும் கிடையாது. பிப்ரவரி வாக்கில் ஒரே தேர்வு. அதற்கும் குறித்த தேதிக்குள் தானே இணையத்தில் பதிய வேண்டும். தவறினால் எழுத முடியாது. அரியர் வைத்து எப்போதாவது முடித்துக்கொள்ளலாம் என்ற பேச்சும் அங்கே செல்லாது. பொதுவாக மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தோற்றால் அந்தப் படிப்பை அந்த நாட்டில் தொடர்வதே முடியாமல் போகலாம். வேலை பார்க்க ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அனுமதி இருக்கிறது. கிடங்கிலும் உணவகத்திலும் நின்று கடனை அடைக்கப் பார்த்துத் தேர்வைக் கோட்டை விட்டவர்களை அவளே பார்த்திருக்கிறாள்.

முதல் தேர்வு முடிவு வந்தபோது அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டதாம். "ஒண்ணு புள்ளி மூணுன்னு சொன்னா சார். நூத்துக்கான்னு கேட்டேன்." அங்கே 1.0 தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 என்றால் தோல்வி. அவள் வாங்கியது மிக நல்ல மதிப்பெண்.

டிசம்பரில் நாலு மணிக்கே அங்கே இருட்டிவிடும். நமக்கும் அவர்களுக்கும் நான்கரை மணி நேர வித்தியாசம். அவள் அறைக்குத் திரும்பும் ஏழு மணி இங்கே பதினொன்றரை. அம்மா அதுவரை கண்விழித்திருந்து, "சாப்புட்டியாத்தா?" என்று கேட்டுவிட்டுத்தான் படுப்பார். சாப்பிடாத நாளிலும் "சாப்புட்டேம்மா" என்றுதான் சொன்னதாக மகள் என்னிடம் சொன்னாள். ஜனவரியில் ஒரு வாரம் படுக்கையை விட்டு எழவே முடியவில்லை. பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு மனநல ஆலோசனை உண்டென்று யாரோ சொல்ல, போய்ப் பேசினாள். அதை வீட்டுக்குச் சொல்ல மூன்று மாதம் ஆனது.

இதை அவள் மறைக்க நேர்ந்ததுதான் எனக்கு வேதனை. நம் பிள்ளைகளை அனுப்பும் முகவர்கள் அட்மிஷன், விசா என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பரமக்குடி, ராமநாதபுரம் கல்லூரிகளாவது கடைசி ஆண்டு மாணவர்களை உட்காரவைத்துச் சமையல், வங்கி, தேர்வுப் பதிவு, தனிமை எல்லாவற்றையும் போய்த் திரும்பியவர்களைக் கொண்டே பேச வைக்க வேண்டும். ஆண் பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கத் தெரியாமல் விமானம் ஏற்றாதீர்கள். அவர்கள்தான் ரொட்டியை மட்டும் தின்று முதலில் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

நயினார்கோவிலில் அந்த வேலையை இப்போது இந்த அம்மாவே செய்கிறார். அடுத்த அக்டோபருக்குக் கிளம்பும் இரண்டு பையன்களின் தாய்மார் அவரிடம் யோசனை கேட்டு வந்திருந்தார்கள். "பால்கோவாவை எடுத்து வச்சிராதீங்க, கருவாட்டை மூணு கவர் போட்டுக் கட்டுங்க" என்று தொடங்கி, சாப்பிட்டாயா என்று கேட்பதோடு நிறுத்தாமல் என்ன சாப்பிட்டாய் என்று கேட்கும்படி அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

(தொடரும்)