ஒப்பந்தம் எழுதும் முறை

பிழைப்பை நாடி வெளிமாநிலம் வந்த நாம், ஊர்க்காரருக்குக் கடன் கொடுக்கும்போது, "நம்மவர்தாமே, எழுத்து எதற்கு?" என்று இருந்துவிடுகிறோம். பூசல் வந்தால் பணமும் போகிறது, உறவும் போகிறது.

வழக்கறிஞரின்றி நாமே ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். 18 வயது நிரம்பிய, தெளிந்த மனமுடையோர், தாமாக இசைந்து, மறுபயன் கருதி, சட்டத்துக்கு உட்பட்டுச் செய்யும் உடன்பாடு, 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி செல்லும். வாய்ச்சொல்லும் செல்லும், மெய்ப்பித்தலே அரிது.

இருவர் பெயர், முகவரி, தேதி, எண்ணாலும் எழுத்தாலும் தொகை, வட்டி, திருப்பித் தரும் நாள் ஆகியவற்றை ஐயமற எழுதுதல் வேண்டும். முத்திரைத்தாள் மதிப்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும், விசாரித்து வாங்குவோம். இருவரும் சாட்சிகளும் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு படி வைத்துக்கொள்வது நலம். வழக்கிடப் பொதுவாக உள்ள கெடு 3 ஆண்டே.

தமிழில் எழுதினாலும் செல்லும். பிறமொழித் தாளாயின், வரிதோறும் பொருள் கேட்டறிந்த பின்னரே கையொப்பமிடுவோம். "படிக்கத் தெரியாமல் ஒப்பமிட்டேன்" என்பது பின்னர் எளிதில் எடுபடாது.