கிழிந்தது யார் கையில்?

வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் பாஸ்போர்ட் தொலைந்துபோனால் அன்றைக்கே போலீஸுக்கும் தூதரகத்துக்கும் ஓடுகிறார்கள். அதே பாஸ்போர்ட் சட்டைப் பையோடு வாஷிங் மெஷினுக்குள் போய்வந்தால், ஃபேனுக்கு அடியில் காயவைத்து, கனமான எதையாவது மேலே வைத்து அழுத்தி, பெட்டிக்குள் பத்திரப்படுத்திவிடுகிறார்கள். ஊருக்குக் கிளம்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. இதை அலட்சியம் என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். எனக்கென்னவோ, இந்தத் தாமதத்தை வளர்த்துவிடுவது நம் விதிமுறைகள்தான் என்று தோன்றுகிறது. எது சேதம் என்று தெளிவாகச் சொல்வதில்லை; தானாக வந்து சொல்பவரிடம் கூடுதல் கட்டணமும் உறுதிமொழிப் பத்திரமும் கேட்கிறோம். பிறகு யார் முன்வந்து சொல்வார்கள்?

நம் பாஸ்போர்ட்டிலேயே அச்சிட்டிருக்கும் எச்சரிக்கையைப் படித்துப் பாருங்கள். இது இந்திய அரசின் சொத்து. உரியவரிடமோ அவர் அனுமதித்தவரிடமோதான் இருக்க வேண்டும். இதில் எதையும் திருத்தவோ சிதைக்கவோ கூடாது. தொலைந்தாலும் திருடுபோனாலும் அழிந்தாலும் உடனே தெரிவிக்க வேண்டும். இவ்வளவு சொல்லும் அந்தப் பக்கம், ஓரம் நைந்து, லேமினேஷன் உரிந்து, பாதி உயிரோடு இருக்கும் புத்தகத்தை என்ன செய்வது என்று சொல்வதில்லை. வெளியுறவு அமைச்சகத்தின் பாஸ்போர்ட் சேவா ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது: எண் படிக்க முடிகிறதா, பெயர் தெரிகிறதா, புகைப்படம் முழுதாக இருக்கிறதா? ஆனால் அது விண்ணப்பத்தை வகைபிரிப்பதற்கு. கையில் இருப்பதை வைத்துக்கொண்டு விமானம் ஏறலாமா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடைக்காது. அமெரிக்க வெளியுறவுத்துறை இதைப் பச்சையாகவே எழுதி வைத்திருக்கிறது: பின்பாக்கெட்டில் வைத்ததால் வந்த வளைவும், புரட்டிப் புரட்டி விரிந்த தாள்களும் சாதாரணத் தேய்மானம்; தண்ணீர்ச் சேதம், பெரிய கிழிசல், காணாமல் போன விசா பக்கம், துளை ஆகியவை சேதம். இப்படி ஒரு பட்டியலைத் தமிழிலும் மலையாளத்திலும் படத்தோடு போடுவதற்கு ஒரு சுவரொட்டிச் செலவுதான் ஆகும்.

பட்டியல் இல்லாத இடத்தில் முடிவை எடுப்பவர் விமான நிறுவன கவுன்டர் ஊழியர். புகைப்படப் பக்கத்தின் அடியில் இரண்டு வரிகள் இருக்கின்றனவே, வரிக்கு 44 எழுத்துகள், அவற்றைத்தான் இயந்திரம் படிக்கிறது. எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சரிபார்ப்பு இலக்கம் உண்டு. ஈரம் பட்டு அவற்றில் ஓர் எழுத்து மங்கினாலும் கணக்கு உதைக்கலாம். இயந்திரம் படித்துவிட்டாலும், ஊழியர் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்து, லேமினேஷன் ஓரத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்ப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. உரிய ஆவணம் இல்லாத பயணியைக் கொண்டுவந்து இறக்கினால் பல நாடுகள் விமான நிறுவனத்துக்கு அபராதம் போடுகின்றன. பிரிட்டனில் தலைக்கு 2,000 பவுண்டு. சந்தேகம் வந்தால் ஏற்றாமல் விடுவதே அவருக்குப் பாதுகாப்பு. ஆக, தூதரகத்தில் நிதானமாக எடுத்திருக்க வேண்டிய முடிவு, டிக்கெட் காசு போன பிறகு, நள்ளிரவு வரிசையில் எடுக்கப்படுகிறது. அவசரத்துக்கு எமர்ஜென்சி சர்டிஃபிகேட் வாங்கலாம். ஆனால் அது இந்தியாவுக்கு ஒருவழிப் பயணத்துக்கு மட்டும். இங்கே புதுப் புத்தகம் வாங்கித் திரும்புவதற்குள் விடுப்பு தீர்ந்துவிடும்.

இதில் இன்னொரு கோணல் இருக்கிறது. உரியவர் கையிலோ அவர் மனமுவந்து கொடுத்தவர் கையிலோ இருக்க வேண்டிய புத்தகம், வளைகுடாவில் பல வேளைகளில் கம்பெனி அலமாரியில் கிடக்கிறது. கத்தார் 2015-ஆம் ஆண்டின் 21-ஆம் எண் சட்டத்தில் முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பதைத் தடை செய்து அபராதமும் வைத்தது. மற்ற நாடுகளிலும் தடைகள் உண்டு. இருந்தும் வழக்கம் ஒழியவில்லை. அங்கே ஸ்டேப்ளர் குத்தி, ரப்பர் பேண்ட் இறுக்கி, ஏ.சி. தண்ணீர் சொட்டிக் கெட்டுப்போனாலும், எப்போது, எங்கே, எப்படிச் சேதமானது என்று உறுதிமொழி எழுதுபவர் தொழிலாளிதான். இதற்குமுன் எத்தனை பாஸ்போர்ட் தொலைத்தாய் என்ற கேள்விக்கும் அவரே பதில் சொல்ல வேண்டும். இந்தியாவில் 36 பக்கப் புத்தகத்தை வழக்கமாக மாற்ற 1,500 ரூபாய்; சேதமானதற்கு 3,000. சேதமானபோது புத்தகம் யார் வசம் இருந்தது என்ற கேள்விக்கு உறுதிமொழிப் படிவத்தில் தனி இடம் கிடையாது.

கெடுபிடி குறைந்தால் மோசடி பெருகும் என்பார்கள். படத்தை மாற்றி ஒட்டுவதும், நாடுகடத்திய முத்திரை விழுந்த பக்கத்தைக் கிழிப்பதும் நடந்தவைதான்; ஒரு தாள் முழுதாகக் காணவில்லை என்றால் துருவி விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் நனைந்த புத்தகமும் கிழித்தெடுத்த தாளும் ஒன்றல்ல. 2018-லிருந்து தூதரகங்களும் படிப்படியாக பாஸ்போர்ட் சேவாவோடு இணைக்கப்பட்டதால், அசல் படத்தையும் விவரத்தையும் அதிகாரி திரையிலேயே பார்க்க முடியும். நாடுகடத்தப்பட்டவரை அமீரகம் கருவிழிப் பதிவை வைத்தே அடையாளம் காண்கிறது. தாளைக் கிழித்துத் தப்பிக்கும் காலம் மலையேறிவிட்டது. கட்டணம் கூடினால்தான் பொறுப்பு வரும் என்ற வாதத்தில் எனக்கு நம்பிக்கையே இல்லை. யாரும் வேண்டுமென்று பாஸ்போர்ட்டைத் துவைப்பதில்லை. இரட்டிப்புக் கட்டணத்தால் துவைப்பது குறையாது, சொல்வதுதான் தள்ளிப்போகும்.

கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. எண்ணும் பெயரும் படமும் தெளிவாக இருக்கும் புத்தகத்தை வழக்கமான கட்டணத்துக்கே மாற்றித் தரலாம். படிவத்தில் ‘அப்போது யாரிடம் இருந்தது’ என்று ஒரு வரி சேர்த்து, கம்பெனி பெயர் திரும்பத் திரும்ப வந்தால் தூதரகமே கடிதம் எழுதலாம். அதுவரை, லேமினேஷன் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தாலும் அதைத் தொலைந்ததற்குச் சமமாகவே நினைத்து, டிக்கெட் போடும் முன்பே தூதரகத்துக்குப் போய்விடுவது உத்தமம். குவைத் 2019-லும் அமீரகம் 2022-லும் குடியிருப்பு விசா ஸ்டிக்கரை நிறுத்திவிட்டதால், புத்தகம் கெட்டால் விசாவும் கெடும் என்ற பயம் அங்கே முன்புபோல் இல்லை; புது எண்ணைக் குடியிருப்புப் பதிவில் ஏற்றினால் போதும். அமெரிக்க விசா ஒட்டியிருப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: விசாத் தாளே சேதமாகியிருந்தால், பழைய புத்தகத்தைக் கூடவே கொண்டுபோவது உதவாது, விசாவுக்குப் புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.