சேஷாசலச் சரிவில் தீ

கீழ்த் திருப்பதியிலிருந்து மலையேறி, கடல் மட்டத்துக்குச் சுமார் 850 மீட்டர் உயரத்திலுள்ள திருமலையை அடையும் யாத்திரிகர், அங்கே தாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைந்திருப்பதை அறிவதில்லை. காற்றில் பிராணவாயுவின் விகிதம் மலைமேலும் 21 சதவீதமே. எனினும் காற்றே அடர்த்தி குறைந்து போவதால், ஒவ்வொரு கன அடியிலும் தீக்குக் கிடைக்கும் பிராணவாயு அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது.

இதன் விளைவை நன்கு காண மிக உயரே செல்ல வேண்டும். 3,650 மீட்டர் உயரத்திலுள்ள திபெத்தின் லாசாவில் எரித்த எண்ணெயையும் மரத்தையும், சமவெளி நகரமாகிய ஹெஃபெயில் எரித்தவற்றோடு சீன விஞ்ஞானிகள் ஒப்பிட்டபோது, உயரத்தில் எரிதல் மந்தமாவதும் புகைக்கரி குறைவாக உண்டாவதும் புலப்பட்டன. புகை குறைந்தால், துகள்களின்மேல் பட்டுச் சிதறும் ஒளியைக் கொண்டு எச்சரிக்கும் கருவி தாமதிக்கக்கூடும். அமெரிசியம் என்னும் கதிரியக்கத் தனிமத்தின் கதிர்களால் காற்றை அயனியாக்கி, அதில் ஓடும் மின்னோட்டம் புகையால் தணிந்தால் ஒலிக்கும் கருவியோ, மெல்லிய காற்றில் அம்மின்னோட்டம் இயல்பாகவே தணிவதால், தீயில்லாமலே அலறவும் கூடும். ஆகவே உயரமான மலையூருக்குக் கருவி வாங்குவோர், அது எந்த உயரம்வரை ஏற்றதென்று கேட்டறிவது அவசியம்.

திருமலையின் உயரத்திலோ இவ்விளைவுகள் சொற்பமே. அவ்வூர் அமைந்த சேஷாசல மலைத்தொடரின் அபாயம் உயரத்தைவிடச் சரிவில்தான் இருக்கிறதென்பது என் துணிபு. சமதளத்தில் நிமிர்ந்து எரியும் ஜுவாலை, சரிவில் மேற்புறப் புல்லை நோக்கிச் சாய்ந்து, அதைத் தொடுமுன்பே தன் உஷ்ணத்தால் உலர்த்திப் பற்றத் தயாராக்கி விடுகிறது. பகலில் வெயிலேறிய மலைமுகத்தில் காற்றும் மேல்நோக்கியே வீசுவதால், அடிவாரத்தில் விழுந்த ஒரு பீடித்துண்டே தீ உச்சிவரை ஓடப் போதுமானது. சரிவு பத்துப் பாகை கூடுந்தோறும் தீயேறும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது ஆஸ்திரேலியக் காட்டுத்தீ ஆய்வாளர் மக்ஆர்தர் வகுத்த கணக்கு. குறுகிய ஓடைகளோ புகைபோக்கியைப் போல அனலை மேலே இழுக்கின்றன. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணியில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்ட தீயும் இப்படிப்பட்ட புற்சரிவில் மூண்டதே.

2014 மார்ச்சில் திருமலையை அடுத்த காடு பற்றியபோது, விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் பெரும் வாளிகளில் நீர் மொண்டு ஊற்ற வேண்டியதாயிற்று. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரிய செம்மரத்தின் இளங்கன்றுகள் இத்தகைய தீயில் கருகும்போது நேரும் நஷ்டத்தை எந்தத் தொகையாலும் ஈடுசெய்ய இயலாது.

இன்று செயற்கைக்கோள்கள் அனலைக் கண்டு வனத்துறைக்குச் செய்தி அனுப்புகின்றன. ஆயினும் அவை ஓரிடத்தை நாளில் சிலமுறையே கடக்கின்றன. விடியற்காலையில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் தேங்குவதால், புகையும் எழாமல் அங்கேயே படிந்து, வெயில் ஏறும்வரை காவற்கோபுரத்துக்குத் தென்படாது போவதுண்டு. தீ சரிவேறும்போது அதன் எதிரில் நிற்பது ஆபத்தாகையால், வேகம் தணியும் மறுசரிவில், உச்சிக்குச் சற்றுக் கீழே, சருகை அகற்றித் தீத்தடுப்புக் கோடு வெட்டி, அங்கே வந்து சேரும் தீயைப் பச்சைக் கிளைகளால் அடித்து அணைப்பதே தக்க முறையாகும்.