சளிக்கு வைட்டமின் மாத்திரை: பெற்றோரிடம் என்ன சொல்வது?

மழைக்காலம் தொடங்கினால் வகுப்பறையில் இருமல் சத்தமும் தொடங்கிவிடும். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஒரு தாய், “டீச்சர், பிள்ளைக்கு அடிக்கடி சளி பிடிக்குது. வைட்டமின் மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?” என்று கேட்டால் நமது பதில் என்ன?

இதற்கான விடையின் ஒரு பகுதி நமக்கு அருகிலேயே கிடைத்தது. அன்றைய ஒருங்கிணைந்த திருச்சி மாவட்டத்தில், பள்ளி செல்லும் வயதை எட்டாத 15,419 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவுக்கு மட்டும் வாரந்தோறும் சிறிய அளவில் வைட்டமின் ஏ கொடுக்கப்பட்டது. 1990இல் முடிவு வெளியானது. அப்பிரிவில் இறப்பு 54 விழுக்காடு குறைந்திருந்தது. ஊட்டச்சத்துக் குறைவால் வளர்ச்சி குன்றிய குழந்தைகளே அதிகப் பயன் பெற்றனர். ஆனால் சுவாசத் தொற்று வருவது குறையவில்லை.

காரணம் எளிது. மூச்சுப்பாதையின் உட்புறச் சவ்வு நலமாக இருக்க வைட்டமின் ஏ தேவை. அது குறைந்தால் சவ்வு வறண்டு, கிருமிகள் எளிதில் உள்ளே நுழையும். தட்டம்மை கண்ட குழந்தைகளுக்கு அடுத்தடுத்து இரண்டு நாள்கள் மருத்துவர்கள் வைட்டமின் ஏ கொடுப்பதும் நோய் கடுமையாகாமல் தடுக்கவே.

குறைவே இல்லாதவருக்கு நிலைமை வேறு. தினமும் வைட்டமின் சி எடுத்தாலும் பொதுவாகச் சளி பிடிக்கும் தடவைகள் குறைவதில்லை. குழந்தைகளுக்குச் சளி நீடிக்கும் காலம் ஏறத்தாழ 14 விழுக்காடு குறைகிறது. அதாவது ஏழு நாள் சளி ஆறு நாளில் தீரும். சளி பிடித்த பிறகு தொடங்கினால் உறுதியான பயன் இல்லை. 2021இல் அமெரிக்காவில் 214 கோவிட் நோயாளிகளுக்கு வைட்டமின் சி, துத்தநாகம் கொடுத்துப் பார்த்த ஆய்விலும் நோய் விரைவில் தணியவில்லை.

செராமிக் களிமண்ணை மாணவர்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். நீர் குறைந்தால் மண் விரிசல் விடும். போதிய நீர் சேர்த்தால் சரியாகும். அதற்கு மேலும் ஊற்றினால் உறுதி கூடாது, குழைந்துதான் போகும். வைட்டமின் ஏ, டி ஆகியவையும் அளவு மீறினால் உடலில் தேங்கித் தீங்கு செய்யும்.

எனவே பெற்றோரிடம் மூன்று செய்திகளைச் சொல்வோம்.

1. முருங்கைக்கீரை, பப்பாளி, கொய்யா, நெல்லிக்காய், சத்துணவு முட்டை ஆகியவை மாத்திரைக்கு முன் வர வேண்டியவை. பிள்ளை முட்டையை ஒதுக்கினால் பெற்றோருக்குத் தெரிவிப்போம்.

2. மெலிந்து, வளர்ச்சி குன்றித் தெரியும் குழந்தையைப் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுவோம். குறைவு இருந்தால் மருந்தையும் அளவையும் மருத்துவரே முடிவு செய்வார்.

3. மூச்சு வேகமாக வாங்குதல், நெஞ்சு உள்வாங்குதல், தண்ணீர்கூடக் குடிக்க முடியாமை ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மாத்திரையை நம்பி ஒரு நாள் காத்திருப்பதும் ஆபத்து.

மாத்திரைக்குச் செலவாகும் பணத்தில் ஒரு வாரத்திற்குக் கீரையும் பழமும் வாங்கலாம். அந்தக் கணக்கை மாணவர்களையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். செய்தி தானாகவே வீடு போய்ச் சேரும்.